ஜாஸ் நைட்டுக்காக நான் போட்ட ரோஸ்டர்

1. இரண்டு காகிதங்கள்

ரிட்டயர்மென்ட்டுக்கு ஐந்து மாதம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, என்னைக் கூப்பிட்டு இரண்டு காகிதங்களைக் கையில் கொடுத்தார்கள். ஒன்று, எங்கள் மைன்ஸ் ஊழியர் கிளப்பில் சனிக்கிழமைதோறும் நடந்துவந்த ஜாஸ் நைட்டை மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கும் ஆணை. இன்னொன்று, என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்கும் மெமோ. திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும்.

கொடுத்தவர் சேதுராமன் சார். நிலக்கரி மைன்ஸில் எங்கள் டிவிஷனுக்கு அவர்தான் பெரிய அதிகாரி. கிளப்புக்கும் அவரே தலைவர்.

"உக்காருங்க விஜயா. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒரு சின்ன ரிமார்க் கூட கெடையாது. போற நேரத்துல ஏம்மா உங்களுக்கு இந்த வேலை?"

"நான் என்ன சார் பண்ணேன்?"

"ராமலிங்கம் எழுதிக் குடுத்திருக்காரு. கிளப் சத்தத்தப் பத்திப் புகார் பண்ணதுக்காக, டைம் ஆபீஸ் மேடம் என்னைப் பழிவாங்கறாங்க, சனிக்கிழமையானா செகண்ட் ஷிப்ட்லயே போடறாங்கன்னு. உண்மையா?"

"செகண்ட் ஷிப்ட்ல போட்டது உண்மை சார். பழிவாங்கினேன்னு சொல்றது சுத்தப் பொய்."

"அதை எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

ரிட்டயராகும் நாளில் ஒரு மெமோ முடியாமல் கிடந்தால், செட்டில்மென்ட் ஃபைல் எப்படி மேஜைக்கு மேஜை உருளும் என்பதை என் ஜன்னல் வழியாகவே எத்தனையோ பேர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னவள் நான். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

2. டீயும் போண்டாவும் கிடைக்கும் ஜாஸ் கிளப்

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மைன்ஸ் டைம் ஆபீஸில் ஷிப்ட் ரோஸ்டர் போடுவது. யாருக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், யாருக்கு மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட், யாருக்கு நைட், யாருக்கு வார ஆஃப் என்று எழுதித் தொங்கவிட வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் யாரை எங்கே போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது ஆள்தான். ரோஸ்டர் ஒட்டிய அரை மணி நேரத்தில் ஜன்னலில் கூட்டம் கூடிவிடும். ஒருவருக்கு மச்சினி கல்யாணம், இன்னொருவருக்குக் குள்ளஞ்சாவடியில் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை. எல்லாருடைய வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

கிளப் கதை வேறு. ஒரு வருடம் கலாச்சாரச் செயலாளர் பதவிக்கு ஆள் இல்லை என்று என் தலையில் கட்டினார்கள். நான் கேட்ட சங்கீதமெல்லாம் மார்கழியில் லவுட்ஸ்பீக்கரில் வருவதுதான். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ஆரோக்கியராஜ் வந்து நின்றார். மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆபரேட்டர். அந்த ஆட்டத்திலும் இரைச்சலிலும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து பழகியதாலோ என்னவோ, வெளியே வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். கடலூரில் சர்ச் பேண்டில் சாக்ஸபோன் கற்றவர்.

"மேடம், சனிக்கிழம ஹால் சும்மா தான இருக்கு. வாசிக்கவா?" என்று கேட்டார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் மனோகர் கீபோர்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்த ஒரு ஜூனியர் இன்ஜினியர் டிரம்ஸ். அவர்தான் நோட்டீஸ் போர்டில் "ஜாஸ் நைட்" என்று எழுதி ஒட்டினார். முதல் வாரம் ஒருவர் என்னிடம் வந்து, "ஜாஸ்னா எந்த பாஷைப் படம் மேடம்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாததால், "உள்ள போய் உக்காருங்க, தெரியும்" என்று அனுப்பினேன்.

நைட் என்று பெயர்தானே தவிர, சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிந்துவிடும். கவுன்ட்டரில் கிடைப்பது டீயும் போண்டாவும்தான். ஆரோக்கியராஜ் ஏதோ ஒரு மெட்டை ஆரம்பிப்பார். மற்ற இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போவார்கள். இவர்கள் எங்கே திரும்பி வரப்போகிறார்கள் என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் எனக்கே கை தட்டத் தோன்றிவிடும். கேரம் விளையாட வந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் ஹால் நிறைந்தது. ஆரோக்கியராஜ் சிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்ல இப்பல்லாம் பேசறாருங்க" என்றார்.

3. என் புத்திசாலித்தனம்

அப்போதுதான் ராமலிங்கத்தின் முதல் புகார் வந்தது. பக்கத்தில் வடக்குத்து கிராமத்துக்காரர். மைன்ஸில் கன்வேயர் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். குடியிருப்பது கிளப் ஹாலுக்கு நேர் பின்புறம் உள்ள குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு மாமரமும் ஒரு காம்பவுண்டும்தான். "சனிக்கிழமை மாலை டிரம்ஸ் சத்தத்தால் எங்கள் வீட்டில் தூங்க முடியவில்லை. நைட் டூட்டிக்குத் தூங்காமல் எப்படிப் போவது?" என்று எழுதியிருந்தார்.

நியாயமான கேள்விதான். நைட் ஷிப்ட் ஆளுக்குச் சாயங்காலத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று எங்கள் மைன்ஸ் டவுன்ஷிப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் நைட் என்றால் மிக்ஸி போடமாட்டோம், பிள்ளைகளைத் தெருவில் கத்த விடமாட்டோம். ஆனால் ஹால் நிறைந்த சந்தோஷத்தில் இருந்த எனக்கு, நிகழ்ச்சியை நிறுத்த மனசு வரவில்லை. ரோஸ்டர் என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

ராமலிங்கத்தை ரிலீவர் லிஸ்டில் போட்டேன். ரிலீவர் என்றால், மற்றவர்கள் ஆஃபில் போகும் நாளில் அவர்கள் இடத்தை நிரப்புகிறவர். அவருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்று டைம் ஆபீஸ்தான் எழுதும். நான் சனிக்கிழமை தவறாமல் அவருக்கு செகண்ட் ஷிப்ட் எழுதினேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்குத்தான் வெளியே வருவார். கச்சேரி நேரத்தில் அவர் வீட்டிலேயே இருக்கமாட்டார். அப்புறம் யார் தூக்கம் கெடும்? ஆரோக்கியராஜிடம்கூடச் சொல்லாமல் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ராமலிங்கம் ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், சனிக்கிழம மட்டும் ஏங்க எனக்கு செகண்டே வருது?"

"எல்லாம் காரணமாத்தான் போட்டிருக்கு. உங்களுக்காகத்தான். நிம்மதியா இருங்க" என்று சொல்லி, ஒரு கண்ணைச் சிமிட்டவும் செய்தேன். மூளை இருக்கிறவள் செய்கிற காரியமா அது?

"எனக்குத் தோதுப்படாதுங்க. வேற நாள்ல போடுங்க."

"போகப் போகப் பழகிடும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அந்த மனிதர் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அந்த வெள்ளிக்கிழமை, அந்த இரண்டு காகிதங்கள்.

4. பெல் அடித்தேன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ராமலிங்கம் வீட்டுக்குக் கிளம்பினேன். சமாதானம் பேசவெல்லாம் இல்லை. ஒருவருக்கு நல்லது செய்யப் போனால் இப்படி முதுகில் குத்துவார்களா என்று நேருக்கு நேர் கேட்கத்தான். போகும் வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேட்டைத் திறந்து, பெல்லை நன்றாக அழுத்தி அடித்தேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை.

பின்பக்கத்திலிருந்து ராமலிங்கம் ஓடி வந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"பெல்லு அடிக்காதீங்க மேடம். தூங்கிக்கினு இருக்காங்க" என்றார் கிசுகிசுப்பாக.

"யாரு தூங்கறாங்க?"

"எங்க வூட்டம்மா. நைட் டூட்டி."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எந்த மைன்ஸ்?" என்று கேட்டேன். என் லிஸ்டில் இல்லாத நைட் டூட்டி ஒன்று இந்த ஊரில் இருக்க முடியும் என்றே எனக்குப் படவில்லை.

"மைன்ஸ் இல்லீங்க. நர்ஸு. வெளிய ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. எட்டரைக்குக் கெளம்பணும்."

மாமரத்தடியில் அவர் கிசுகிசுத்ததும் நான் கிசுகிசுத்ததுமாக விஷயம் வெளியே வந்தது. முன்பெல்லாம் ராமலிங்கம் சாயங்காலம் வீட்டில் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க் பக்கம் போய்விடுவார். அவர் மனைவி கலைச்செல்வி தூங்குவார். அந்தத் தூக்கத்தைத்தான் சனிக்கிழமை டிரம்ஸ் கெடுத்தது. அதற்காகத்தான் முதல் புகார். நான் என்ன செய்தேன்? குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும் அதே நேரத்தில் மைன்ஸுக்கு அனுப்பிவிட்டேன். டிரம்ஸும் இருந்தது, குழந்தையும் இருந்தது. கலைச்செல்விக்கு அரைத் தூக்கமும் போய்விட்டது.

"மாசத்துல ஒருவாட்டின்னா பக்கத்து வூட்ல பாப்பாவப் பாத்துக்குவாங்க. வாராவாரம் எப்படிங்க போய் நிக்கறது? போன சனிக்கிழம டூட்டில ஒக்காந்த எடத்துலயே கண்ணு அசந்துட்டா. மெமோ குடுத்துட்டாங்க. இன்னொருவாட்டின்னா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்களாம்."

எனக்கு ஒரு மெமோ வந்ததற்கே மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நான் போட்ட ரோஸ்டரால் இன்னொரு பெண்ணுக்கு மெமோ வந்திருக்கிறது. வேலைக்குப் போகும் பெண் நான். என் வீட்டுக்காரர் இருந்தவரை, "உங்க வீட்ல அவருக்கு என்ன ஷிப்ட்?" என்று என்னைக் கேட்டவர்களையெல்லாம், "எனக்கும் டூட்டி உண்டு" என்று சீறியவள். அப்படிப்பட்ட நானே, நைட் டூட்டி என்று படித்ததும் ஆம்பிளை என்று முடிவு கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"நான் உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சேன் ராமலிங்கம். சத்தியமா."

"நாங்க பழிவாங்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

கதவு திறந்தது. கலைச்செல்வி நின்றார். தலை கலைந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"பெல் அடிச்சது யாரு?"

"நான்தாம்மா" என்றேன்.

"நாலு மணிக்குத்தான் கண்ணு மூடுச்சு. ஒரு மணி நேரம். அதுக்குள்ள ரெண்டு தடவ பெல்லு. நீங்கதான ஷிப்ட் போடற மேடம்?"

"நான்தான்."

"எனக்குப் பாட்டு புடிக்காதுன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்கு எல்லாப் பாட்டும் புடிக்கும். தூக்கமும் வேணும். நான் ஊசி போடற ஆளு மேடம். தூக்கக் கலக்கத்துல கை மாறிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது? சாக்ஸபோன்காரர் சொல்வாரா?"

என் ஒத்திகை வசனம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். முழு மனதோடு கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் தரும் மாத டூட்டி சார்ட்.

"வாரத்துல ஒரு நாள் எனக்கு ஆஃப். எந்த நாளுன்னு மாறிக்கினே இருக்கும். அந்த நாள்ல வெச்சிக்கங்க உங்க கச்சேரிய. மாசா மாசம் சார்ட்ட அனுப்பறேன். மத்த நாள்ல ஒரு தட்டு தட்டுனாலும் நானே வந்து டிரம்ஸக் கிழிப்பேன்."

சொன்னதைச் செய்பவர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தாளை வாங்கிக்கொண்டேன்.

5. பதில் கடிதம்

மெமோவுக்குப் பதில் எழுதுவதற்கென்று எங்கள் ஆபீஸில் ஒரு பாஷை உண்டு. "நிர்வாக வசதியை முன்னிட்டு" என்று ஆரம்பித்தால் பாதித் தப்பு கரைந்துவிடும். எனக்கும் அந்த வித்தை தெரியும். பலருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதினேன். கிளப் நிகழ்ச்சி நிற்கக் கூடாது என்பதற்காக ஒருவருடைய ஷிப்டை மாற்றினேன், அது என் தப்பு, பழிவாங்கும் எண்ணம் இல்லை, இன்று முதல் அவரைப் பழைய ரொட்டேஷனிலேயே போட்டுவிட்டேன் என்று.

சேதுராமன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, ஒரு சாக்கு கூட எழுதலியே? இப்படி எழுதிக் குடுத்தா நான் எதை வெச்சு உங்களக் காப்பாத்தறது?"

"நடந்தது அதுதான் சார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். காலையில் ராமலிங்கம் கொடுத்துவிட்டுப் போனது. மேடம் வீட்டுக்கு வந்து பேசினார், தப்பாகப் புரிந்துகொண்டோம், புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்தோடு கலைச்செல்வியின் கையெழுத்தும் இருந்தது.

"எழுத்துல ஒரு எச்சரிக்கை குடுப்பேன். அதோட ஃபைலை மூடிடறேன். செட்டில்மென்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, போங்க. கிளப் நிகழ்ச்சிய வெச்சிக்கங்க. ஆனா அந்த வீட்லேர்ந்து இன்னொரு புகார் வந்துச்சு, அன்னிக்கே ஹாலைப் பூட்டிச் சாவிய நானே வெச்சிப்பேன். அப்புறம் ஜாஸும் இல்ல, போண்டாவும் இல்ல."

வெளியே வந்து ரெக்கார்ட் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அல்ல, அப்பாடா என்றுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அன்று தொடங்கிய வேலை, என் சர்வீஸிலேயே கஷ்டமான ரோஸ்டர். ஒரு நர்ஸின் ஆஃப், சாக்ஸபோன்காரரின் ஷிப்ட், கீபோர்டுக்காரரின் ஷிப்ட், அவருக்கு நெல்லிக்குப்பம் திரும்பும் பஸ், இன்ஜினியரின் டூட்டி. ஐந்தும் ஒத்துவரும் நாளைத் தேட வேண்டும். யாருடைய ஷிப்டையும் தொடாமல் தேட வேண்டும். ஒரு வாரம் கிடைக்கும், மறு வாரம் கிடைக்காது. கிடைக்காத வாரம் ஹால் மூடிக் கிடக்கும். ஆரோக்கியராஜிடம் முழுக் கதையையும் சொன்னேன். "சரி மேடம்" என்றார். கொஞ்சம் கழித்து, "தூங்கறவங்க தூங்கட்டும்" என்றார்.

இந்த வேலையில் இப்போது இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஷிப்ட் போடும்போது அந்தப் பெயருக்குப் பின்னால் வீட்டில் இன்னொரு டூட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் கிடையாது. வாய் திறந்து கேட்டால்தான் தெரியும். ஒருவர் ஜன்னலில் வந்து "தோதுப்படாது" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கண் சிமிட்டினேன்.

6. புதன்கிழமை

புது ஏற்பாட்டில் முதல் கச்சேரி ஒரு புதன்கிழமை வந்தது. மாமரப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் நானே சாத்தினேன். டிரம்ஸ் மேல் ஒரு போர்வையைப் போடச் சொன்னேன். இன்ஜினியர் என்னைப் பாவமாகப் பார்த்தார். ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். அன்று கலைச்செல்விக்கு ஆஃப். வந்து கேட்பார் என்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். வரவில்லை.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். பின்கதவு திறந்தது. ராமலிங்கம் நின்றார். தோளில் குழந்தை. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் பார்த்தது ஆரோக்கியராஜ்தான். வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்துவிட்டார். கீபோர்டு நின்றது. டிரம்ஸ் நின்றது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹால் சாவி சேதுராமன் சார் கைக்குப் போகும் காட்சி எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. எழுந்து அவரிடம் போனேன்.

"என்னங்க ராமலிங்கம், முழிச்சிக்கிட்டாங்களா?"

"யாரு?"

"கலைச்செல்விதான். சத்தம் கேக்குதா?"

"அவளா? அஞ்சு மணிக்குப் படுத்தவ, அசையக் காணோம். இன்னிக்கு எழுந்து ஓட வேணாம் இல்ல, அந்த நிம்மதி. எத்தினியோ நாளாச்சுங்க இப்டித் தூங்கி. பாப்பாவுக்குத்தான் பீப்பி பாக்கணுமாம், தூக்கினு வந்தேன்." மேடையைப் பார்த்தார். "அது சரி, ஏன் நிறுத்திட்டாங்க?"

கலைச்செல்விக்காகப் போட்டிருந்த நாற்காலியைக் குழந்தைக்குக் காட்டினேன்.

"வாசிக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் அவர், குழந்தையை முன்வரிசை நாற்காலியில் இறக்கியபடி. "இப்டி திடீர்னு நிறுத்தினாத்தான் அவ முழிச்சிக்குவா."